காவலுக்கும் ஒரு காவல்



தொடங்கும்போதே உங்களிடம் ஒரு சிறு வேலை சொல்லப் போகிறேன். ஆசிரியத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டாலும், பிள்ளைகளை வேலை வாங்கும் பழக்கம் என்னிடமிருந்து ஓய்வு பெறவில்லை. உங்கள் இடக்கை மணிக்கட்டில், பெருவிரலின் பக்கமாக, வலக்கையின் மூன்று விரல்களை மெல்ல வையுங்கள். துடிப்புத் தெரிகிறதா? ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள காலம் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கக் காண்பீர்கள். தேர்ந்த மிருதங்கக்காரரின் கையைப் போல, இதயம் தாளம் பிசகாமல் தொழில் செய்கிறது.

என் நண்பர் ஒருவருக்கு இந்தத் தாளம் பிசகிவிட்டது. அவர் என்னோடு ஒரே பள்ளியில் நெடுங்காலம் கணக்குக் கற்பித்தவர். ஒரு நாள் மாலை உலாவச் சென்றபோது, மூச்சு வாங்குகிறது என்று பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு விரைந்து வந்தது. பின் ஓர் இடைவெளி. பின் மூன்று துடிப்பு. மீண்டும் ஓர் இடைவெளி. ஒழுங்கு என்பது சிறிதும் இல்லை. அந்த ஒழுங்கின்மை அவரை எங்கெங்கே கொண்டு சென்றது என்பதையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதயத்தில் நான்கு அறைகள் உண்டென்று படித்திருப்பீர்கள். மேலே இருப்பவை இரண்டு ஆரிக்கிள்கள். கீழே இருப்பவை இரண்டு வெண்டிரிக்கிள்கள். ஆரிக்கிள் என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சிறு காது' என்பது பொருள். இடது ஆரிக்கிளின் ஓரத்தில், காது மடலைப் போலவே ஒரு சிறு பை தொங்குகிறது. உள்ளே மடிப்பும் பள்ளமுமாக இருக்கும் குருட்டுப் பை அது. ஒரு வழியே உண்டு, மறு வழி இல்லை. ஆரிக்கிள் நன்றாகச் சுருங்கி விரியும் வரையில் அந்தப் பையினுள் புகுந்த இரத்தமும் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

முதுமையில் சிலருக்கு ஆரிக்கிள் சுருங்குவதை விடுத்து நடுங்கத் தொடங்குகிறது. இதனை மருத்துவர் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர். நாம் ஆரிக்கிள் நடுக்கம் என்று சொல்லிக்கொள்வோம். அப்பொழுது பையினுள் இரத்தம் தேங்குகிறது. ஓடாத நீரில் பாசி பிடிக்கும்; ஓடாத இரத்தம் உறையும். அங்கே உறைந்த கட்டி ஒன்று ஒரு நாள் நழுவி, இரத்த ஓட்டத்தோடு மூளைக்குச் சென்று, அங்குள்ள குழாயை அடைத்துவிட்டால், அதுவே பக்கவாதம். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சிழப்பார், எழுதிக்கொண்டிருந்தவர் கையிழப்பார். இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி. இதய வால்வில் குறையில்லாதவர்க்கு இவ்வாறு ஆரிக்கிளில் தோன்றும் கட்டிகளுள் பத்தில் ஒன்பது, அந்தச் சிறு பையிலேயே காணப்படுகின்றன.

இதற்கு நெடுங்காலமாக உள்ள மருந்து, இரத்தம் எளிதில் உறையாமற் செய்யும் மாத்திரை. அவற்றுள் பழையது வார்பரின். அதன் பிறப்பே ஒரு கதை. அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பாரும் அவர்தம் குழுவினரும் அதற்குக் காரணமான பொருளைக் கண்டறிந்தனர். அதன் வழியில் பிறந்த வார்பரின், முதலில் எலி நஞ்சாக விற்கப்பட்டது; 1954ஆம் ஆண்டு முதல் மனிதர்க்கு மருந்தாயிற்று. 2010ஆம் ஆண்டு முதல் வேறு புதிய மாத்திரைகளும் வந்துள்ளன. ஆயினும் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. கூடாத இடத்தில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, உறைய வேண்டிய இடத்திலும் உறைவதைத் தடுக்கும்.

என் நண்பருக்கு நேர்ந்தது அதுதான். மாத்திரை தொடங்கிய எட்டாம் மாதத்தில் வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தது. மருத்துவமனையில் கிடந்து, பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டு பிழைத்தார். மாத்திரையை உண்டால் வயிற்றில் ஆபத்து. உண்ணாவிட்டால் மூளைக்கு ஆபத்து. இந்த இக்கட்டில்தான் மருத்துவர் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார். அந்தச் சிறு பையின் வாயையே அடைத்துவிடுவது என்பது அவ்வழி.

இந்த எண்ணம் புதியதன்று. 1949ஆம் ஆண்டிலேயே ஜான் மேடன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அந்தப் பையை அறுத்தெடுத்த செய்தியை வெளியிட்டார். ஆனால் அதற்கு மார்பைத் திறக்க வேண்டும். மார்பைத் திறவாமலே, மெல்லிய குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பையின் வாயை அடைக்கும் முறை, 2001ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் முதன்முதலாக மனிதரிடத்தில் கையாளப்பட்டது. அதன் பின் வந்த கருவிகளுள் மிகவும் அறியப்பட்டதன் பெயர் வாட்ச்மேன். அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாயிற்படியில் நின்று, உள்ளே இருப்பது வெளியே போகாமல் காக்கும் காவற்காரன் அது.

நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகத்தால் அதன் சட்டம் ஆகியுள்ளது. குழாய்க்குள் மடங்கிக் கிடக்கும். வெளியே வந்தவுடன் குடை விரிவது போலத் தன் பழைய வடிவத்தை அடையும். மேலே மெல்லிய வலைத் துணி போர்த்தியிருக்கும். முதலில் வந்த கருவி 21 மில்லிமீட்டர் முதல் 33 மில்லிமீட்டர் வரை ஐந்து அளவுகளில் செய்யப்பட்டது. தொடையின் மேற்புறத்துச் சிரை வழியாகக் குழாயைச் செலுத்தி, வலது ஆரிக்கிளை அடைந்து, இரண்டு ஆரிக்கிள்களுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு சிறு துளையிட்டு, இடப்புறம் சென்று, பையின் வாயில் அதனை விரித்து நிறுத்துவர். சில வாரங்களில் இதயத்தின் உட்படலம் அதன்மேல் படர்ந்து, வாயில் சுவராகிவிடும்.

இவ்வளவையும் கேட்ட என் நண்பர், கணக்காசிரியர் ஆகையால், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதனால் வரக்கூடிய தீங்கு என்ன? நூற்றுக்கு எத்தனை பேருக்கு?"

அந்த மருத்துவரை நான் பாராட்டுகிறேன். அவர் சினங்கொள்ளவில்லை, பயப்படாதீர்கள் என்று தோளைத் தட்டி அனுப்பவும் இல்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். அன்று அவர் சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் தீங்கு, கருவியை வைக்கும்போதே நேர்வது. அந்தப் பையின் சுவர் மிகவும் மெல்லியது. குழாயோ கருவியோ அதனைக் குத்திவிட்டால், இரத்தம் கசிந்து இதயத்தைச் சூழ்ந்துள்ள உறைக்குள் தேங்கும். தேங்கிய இரத்தம் வெளியிலிருந்து நெருக்க, இதயம் விரிய இடமின்றித் திணறும். உடனே ஊசியால் அதனை வடிக்க வேண்டும். சிலருக்கு அறுவையே வேண்டியிருக்கும். இரண்டாவது, குழாயினுள் புகுந்த காற்றுக் குமிழி மூளைக்குச் சென்று, எதைத் தடுக்க வந்தோமோ அந்தப் பக்கவாதத்தையே உண்டாக்குவது. மூன்றாவது, கருவி நிலைபெயர்ந்து இரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுவது.

2009ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பெரும் ஆய்வில் 707 நோயாளர் பங்கு கொண்டனர். 463 பேர் கருவிப் பிரிவிலும், 244 பேர் வார்பரின் பிரிவிலும் திருவுளச்சீட்டு முறையில் பிரிக்கப்பட்டனர். கருவிப் பிரிவில் 22 பேருக்கு இதய உறையில் கடுமையான இரத்தக் கசிவு. ஐவருக்குச் சிகிச்சையின்போதே பக்கவாதம். மூவருக்குக் கருவி நழுவிப் போயிற்று.

இப்பொழுது இரண்டு எண்களைக் கவனியுங்கள். பக்கவாதம், இதயக் காரணத்தால் மரணம் முதலியவற்றை ஒருங்கே எண்ணியபோது, நூறு பேரை ஓராண்டு கவனித்தால், கருவிப் பிரிவில் 3.0, மருந்துப் பிரிவில் 4.9. கருவிக்கு வெற்றி என்பீர்கள். பெரும் இரத்தப் போக்கு, உறைக் கசிவு முதலிய தீங்குகளை எண்ணியபோதோ, கருவிப் பிரிவில் 7.4, மருந்துப் பிரிவில் 4.4. கருவிக்குத் தோல்வி என்பீர்கள். இரண்டும் உண்மை. முதல் எண்ணை மட்டும் அச்சிட்டு விளம்பரம் செய்பவன் பொய் சொல்லவில்லை. இரண்டாவதை மட்டும் காட்டி அச்சுறுத்துபவனும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இருவரும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழுவில் எழுவர் கருவிக்கு இசைவாகவும், ஐவர் எதிராகவும் வாக்களித்தனர். நிருவாகத்தார் அதனோடு நின்றுவிடவில்லை. மற்றோர் ஆய்வு செய்து வருக என்றனர். 407 பேரைக் கொண்ட இரண்டாம் ஆய்வு நடந்தது. பாதுகாப்புக்கு வைத்த அளவுகோலில் கருவி தேறியது. மருந்துக்குக் குறைந்ததன்று என்று காட்ட வைத்த அளவுகோல்களுள் ஒன்றில் தேறவில்லை. பின்னர் 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மாத்திரையைத் தவிர்க்கத் தக்க காரணம் உடையவர்க்கு மட்டும் என்ற வரம்போடு இசைவு கிடைத்தது. ஆறாண்டுக் காத்திருப்பு! காலதாமதம் என்று சிலர் குறை கூறியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மறு தேர்வு என்பது தண்டனையன்று; உண்மையாகவே தெரியுமா என்று பார்ப்பதற்கு உள்ள நல்ல வழி அது.

தீங்குகளை மறைக்காமல் எண்ணியதால் விளைந்த நன்மை பெரிது. எங்கே குத்துகிறது, எப்பொழுது காற்றுப் புகுகிறது என்று தெரிந்தபின், மருத்துவர் தங்கள் கையைத் திருத்திக்கொண்டனர். பொறியாளர் கருவியைத் திருத்தினர். முதல் ஆய்வில், கருவி வைத்த ஏழு நாளைக்குள் தீங்கு நேர்ந்தவர் நூற்றுக்கு 7.7. அதனை ஒட்டித் தொடர்ந்து நடந்த பதிவில் அது 3.7 ஆகக் குறைந்தது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், விளிம்புகள் திருத்தப்பட்ட புதிய வடிவம் 400 பேருக்குப் பயன்பட்டது. தொடக்க நாட்களில் பெருந்தீங்கு நேர்ந்தவர் இருவர். ஆய்வுக்கு ஆய்வு நோயாளரும் வேறு, தீங்கை வரையறுக்கும் முறையும் வேறு ஆகையால், இவ்வெண்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளத்தல் ஆகாது. எனினும் சென்ற திசை எது என்பது விளங்கும்.

எண்ணுவதிலும் யாரை எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 49,357 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஏதேனும் ஒரு தீங்கு நேர்ந்தவர், ஆண்களில் நூற்றுக்கு 3.9, பெண்களில் 6.3 என்று தெரிந்தது. எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால், பெண்களுக்குள்ள மிகுதியான ஆபத்து அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். சராசரி பயனுள்ளதுதான்; ஆனால் அது சில வேளைகளில் திரையும் ஆகும்.

இனி, கருவி வைத்து வீடு திரும்பிய பின்னர் வரக்கூடிய தீங்குகள். பையின் வாய் பெரும்பாலும் முழு வட்டமன்று, முட்டை வடிவானது. வட்டக் கருவியை அங்கே வைத்தால் ஓரத்தில் இடுக்கு நிற்கலாம். அதன் வழியே இரத்தம் போய்வரும். முதல் ஆய்வுகளில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படாத இடுக்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு வைத்தனர். சிறு இடுக்குகளின் விளைவையும் பின்னர் கூர்ந்து நோக்கலாயினர்.

மற்றொன்று வியப்பானது. கட்டியைத் தடுக்க வைத்த கருவியின் முகத்திலேயே கட்டி உண்டாகலாம். உடம்புக்கு அது அயற்பொருள். உட்படலம் முழுவதும் படர்ந்து மூடும் வரையில், இரத்தம் அதன்மேல் உறையக்கூடும். அதனால்தான் முதல் ஆய்வுகளில் கருவி வைத்த பின்னும் 45 நாள் வார்பரினும், பின்னர் ஆறாம் மாதம் வரையில் வேறு இரு மாத்திரைகளும் கொடுத்தனர். 1,739 பேரின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, 65 பேருக்கு இவ்வாறு கட்டி கண்டிருந்தது தெரிந்தது. கட்டி கண்டவர்க்கு, நூறு பேருக்கு ஓராண்டில் பக்கவாதம் போன்ற அடைப்பு 7.46, காணாதவர்க்கு 1.78. ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆயினும் கட்டி கண்டவருள்ளும் ஏறக்குறைய நாலில் மூவர்க்கு அத்தகைய அடைப்பு நேரவில்லை. அச்சத்துக்கும் இடமுண்டு, நம்பிக்கைக்கும் இடமுண்டு.

இவற்றை எல்லாம் கேட்டபின் என் நண்பர் மூன்று நாள் யோசித்தார். அவருடைய மகள் வேண்டவே வேண்டாம் என்று அழுதாள். "அம்மா, ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு செயல்தான்; அதற்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்கு உண்டு" என்று அவளுக்குச் சொன்னாராம். கருவியை வைத்துக்கொண்டார். வயிற்றுப் புண் காரணமாக வலிய மருந்தைத் தவிர்த்து, மெல்லிய மாத்திரைகளே கொடுத்தனர். சிகிச்சை நன்றாக முடிந்தது. நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம்.

நாற்பத்தைந்தாம் நாள் ஒலியலைக் கருவியால் சோதித்துப் பார்த்தபோது, அந்த மகிழ்ச்சி குன்றியது. காவற்காரன் முகத்தில் ஒரு சிறு கட்டி இருந்தது. நூற்றில் நால்வருக்கு நேர்வது, இவருக்கு நேர்ந்துவிட்டது. எந்த மாத்திரைக்கு அஞ்சி இந்த வழிக்கு வந்தாரோ, அதே இனத்து மாத்திரையை மீண்டும் உண்ண வேண்டியதாயிற்று. வயிற்றுப் புண்ணுக்கும் உடன் மருந்து. வாரந்தோறும் இரத்தச் சோதனை. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை. அவரோ என்னிடம், "காவலுக்கு ஆள் வைத்தேன், அவன் விழித்திருக்கிறானா என்று பார்க்க இன்னோர் ஆள் வைக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். இரண்டு மாதம் சென்றபின் சோதித்தபோது கட்டி கரைந்திருந்தது. மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினர். இன்றும் மாலையில் என்னோடு உலாவ வருகிறார்; அந்தப் பாலத்துச் சுவரில் சற்று உட்கார்ந்துதான் மேலே நடப்பார்.

நாற்பத்தைந்தாம் நாள் சோதனைக்கு அவர் போகாமல் இருந்திருந்தால்? உடம்பில் ஒரு நோவும் இல்லையே, எதற்கு வீண் செலவு என்று நினைத்திருந்தால்? அந்தக் கட்டி தன் வேலையைச் செய்திருக்கலாம். அவர் போனதற்குக் காரணம், இவ்வாறு நேரக்கூடும் என்று முன்பே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தமையே. தீங்கை முன்கூட்டிச் சொன்னால் நோயாளி அஞ்சிவிடுவான் என்று சிலர் கருதுவர். என் நண்பரை அந்தச் சொல் அச்சுறுத்தவில்லை; காத்தது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பர். நாளை அவர்களுக்காக மருத்துவர் முன் அமரும் வேளை உங்களுக்கு வரலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வானொலியில் பேசும் நான் சொல்லலாகாது. அது நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை நான் சொல்லலாம். இதனைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? செய்தால் என்ன தீங்கு நேரலாம்? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு, எவ்வளவு காலத்தில்? அத்தீங்கு நேர்ந்தால் அதனை எப்படிக் கண்டறிவது? இவற்றைப் பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளைக் கேட்டு வருந்தமாட்டார், மகிழ்வார்.

நூற்றுவீதக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் பல பிள்ளைகள் எங்களைக் கேட்டதுண்டு. வட்டிக்கும் இலாப நட்டத்துக்கும் என்று நாங்கள் விடை சொல்லி வந்தோம். அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது, இப்பொழுது என் நண்பர் வேறு விடை சொல்கிறார். அந்த விடையை உங்களிடம் சேர்ப்பித்துவிட்டு விடைபெறுகிறேன்.